தெற்கு ஜன்னல் வெயில்

"பாஸ், நாற்பதாம் பக்கத்துல ஒரு பொணம் விழுந்துடுச்சு. நீங்க இன்னும் டீயை ஊதிக்கிட்டிருக்கீங்க" என்றாள் நோரீன் டூலி.

கோர்டன் ப்ளைத் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. "செத்தது யாரு?"

"சிகாகோவுல ஒரு பேங்க்காரன். பாவம், நல்ல சட்டை போட்டிருந்தான்."

"கொன்னவன்?"

"அதைச் சொல்லிட்டா நான் மீதிப் பக்கத்தை எதுக்குப் படிக்கணும்? ஆனா ஒண்ணு நிச்சயம். பழைய மூணும் புதுசும் ஒரே கை எழுதினதுதான். நம்ம கட்சிக்காரர் பொய் சொல்லலை."

அவள் மேஜைமேல் நான்கு பாக்கெட் புத்தகங்கள் கிடந்தன. நான்கின் அட்டையிலும் பாதி உடையோடு ஒருத்தி, அவள் பின்னால் ஒரு துப்பாக்கி, மேலே பெரிய எழுத்தில் ரிக் லோமாக்ஸ் என்ற பெயர். சிட்னி ரயில் நிலையத்தில் சுடச்சுட மீட் பை என்ற கறி அப்பம் வாங்கும் ஒவ்வொருவரும் கூடவே ஒரு ரிக் லோமாக்ஸும் வாங்கிக்கொண்டு டிராம் ஏறுவார்கள். அப்பம் ஆறுவதற்குள் இரண்டு கொலை முடிந்திருக்கும்.

அந்த ரிக் லோமாக்ஸ் நான்தான் என்று சொல்லிக்கொண்டு முந்தின நாள் வந்தவன் வாலஸ் டன்ஸ்டன். நாற்பத்தைந்து வயது, நல்ல உயரம், காலையிலேயே பியர் வாசனை. போர்க்காலத்தில் அமெரிக்கப் புத்தகங்கள் இறக்குமதியாகக் கூடாது என்று அரசாங்கம் கதவைச் சாத்தியதும், உள்ளூர்ப் பதிப்பாளர்கள் உள்ளூர் ஆட்களை வைத்தே அமெரிக்கக் கொலைகளைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். சிட்னியின் மேன்லி படகுத்துறையைத் தாண்டி எங்கும் போகாதவர்கள் நியூயார்க்கை உள்ளங்கைபோலத் தெரிந்தவர்களாக எழுதினார்கள். அந்தக் கூட்டத்தில் டன்ஸ்டன்தான் ராஜா. போன வருஷம் எழுதுவதை நிறுத்திவிட்டானாம். இப்போது யாரோ அவன் நடையைத் திருடி அதே பெயரில் எழுதுகிறார்களாம்.

"என் வாழ்க்கையே அந்தப் புத்தகங்கள்தான் சார்" என்று அவன் தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னான். "எழுதறது யாரா இருந்தா எனக்கென்ன, பேரெல்லாம் வேணாம். அந்த ஆள் எங்க இருக்கான்னு முகவரி மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க. மத்ததை நான் நேர்ல பேசிக்கிறேன்."

"வீட்ல யாரும் இல்லையா?" என்று ப்ளைத் கேட்டான்.

"மனைவி இருந்தா. போயிட்டா."

ப்ளைத் சங்கடத்தோடு தலையைக் குனிந்துகொண்டு அனுதாபம் சொன்னான். டன்ஸ்டனும் அதை மறுக்காமல் வாங்கிக்கொண்டான்.

ப்ளைத்தின் அலுவலகக் கதவில் ஒரு பலகை தொங்கும். ‘குடும்ப விவகாரங்கள் ஏற்பதில்லை.’ எலிசபெத் தெருவில் இருக்கும் மற்ற துப்பறிவாளர்கள் எல்லாரும் ஓடிப்போன மனைவிகளைத் தேடிப் பிடித்துத்தான் வயிறு வளர்த்தார்கள். அந்தப் பலகை நோரீன் வேலைக்குச் சேர்ந்தபோது போட்ட ஒரே நிபந்தனை. ஏன் என்று ப்ளைத் கேட்கவில்லை. அவள் இடது காதில் சரியாகக் கேட்காது என்பதையும், அது பிறவியிலேயே வந்ததல்ல என்பதையும் அவன் தெரிந்துவைத்திருந்தான்.

"கிளம்பு, பதிப்பகத்துக்குப் போகலாம்" என்றான்.

"மூணாவது கொலை பாக்கி இருக்கு பாஸ்."

"டிராம்ல பண்ணிக்கோ."

*

சர்ரி ஹில்ஸில் ஒரு தொப்பிக் கடைக்கு மாடியில் இருந்தது பதிப்பகம். எடிட்டர் பெர்சி ஓக்லி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இருவரையும் அச்சுப்பிழையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"டன்ஸ்டன் அனுப்பிச்சானா? அவன்கிட்ட சொல்லுங்க, ரிக் லோமாக்ஸ்ங்கறது ஆள் இல்ல, சோப்புக் கட்டி மாதிரி. பேரு எங்களோடது. யார் எழுதினாலும் ஒரே தடவை கூலி, அதோட உறவு முடிஞ்சுது. இன்னைக்கு எழுதறது யாருன்னு எனக்கே தெரியாது. பார்சல் வாசல்ல வந்து உட்கார்ந்திருக்கும். கூலியைக் கவர்ல போட்டு அதே வாசல்ல வெச்சா மறுநாள் இருக்காது. பிரிச்சா உள்ள தங்கம்."

"பிழையே இருக்காதா?" என்றான் ப்ளைத்.

"அதான் அதிசயம். என் மத்த எழுத்தாளருங்களைப் பாருங்க!" ஓக்லி சுவரைக் காட்டினார். அங்கே கொட்டை எழுத்தில் ஒரு அட்டை: ‘அடேய், அங்கே சூரியன் தெற்கே!’

நோரீன் சிரித்துவிட்டாள். "இது என்ன சார், சாமி மந்திரமா?"

"என் தலைவலிம்மா. இந்த ஊர்ல பொறந்தவனுக்கு மதியம்னா சூரியன் வடக்கே. வடக்கு பார்த்த வீடுன்னா வாடகையை ஏத்திக் கேப்பான். அவன் போய் சிகாகோவைப் பத்தி எழுதறான். மதியானம், வடக்கு ஜன்னல் வழியா வெயில் பொணத்து மேல விழுந்துதுன்னு. அமெரிக்காவுல எந்த வடக்கு ஜன்னல்ல மதியானம் வெயில் விழும்? துப்பாக்கி பேரு, தெரு பேரு, விஸ்கி பேரு எல்லாம் சரியா எழுதுவான். சூரியன் மட்டும் சிட்னியிலேயே நிக்கும். எத்தனை சொன்னாலும் கை கேக்காது. ஒவ்வொண்ணையும் நான்தான் தெற்கே தள்ளணும்."

"டன்ஸ்டனும் அப்படித்தானா?"

"எனக்கு முன்னாடி இருந்த எடிட்டர் காலத்துல முதல் அஞ்சு வந்துச்சு. நான் படிச்சதில்ல. என்கிட்ட வந்ததுல அவனுக்கு ஒரு சூரியனைக்கூட நான் தள்ளினதில்ல. பொறந்தது இந்த நாட்டு டப்போ ஊர்ல, ஆனா வெயில் எப்பவும் தெற்கு ஜன்னல்ல. மேதைன்னு நினைச்சேன்."

நோரீன் கைப்பைக்குள் கையை விட்டு, அட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகத்தை எடுத்தாள். ரிக் லோமாக்ஸின் முதல் நாவல். அவள் அதை எதற்காகக் கூடவே வைத்துக்கொண்டு திரிகிறாள் என்று ப்ளைத் கேட்டதில்லை. சிலர் பையில் ஜெபமாலை இருக்கும், இவள் பையில் இது.

"டன்ஸ்டன்கிட்ட முதல் அஞ்சு புத்தகத்தையும் கேட்டப்போ, கைவசம் இல்ல, அதெல்லாம் குப்பைன்னாரு. எனக்கு மனசு கேக்கல, என்னோடதை எடுத்துட்டு வந்தேன்." பக்கங்களைச் சரசரவென்று தள்ளினாள். அவள் விரல் ஒரு வரியில் நின்றது. "பாஸ், கலிஃபோர்னியா. நட்ட நடு மதியம். வடக்கு ஜன்னல்ல வெயில்."

ஓக்லி கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"கை தேறியிருக்கும்" என்று ஓக்லி முனகினார்.

"கை தேறலாம் சார். பொறந்த ஊர் மாறுமா?" என்றாள் நோரீன்.

ப்ளைத் மேஜையோரத்தில் இருந்த பார்சல் தாளைக் கவனித்தான். வெள்ளைத்தாள், ரோஜா நிற நூல். முடிச்சுக்குள் ஏதோ வெள்ளையாகச் சிக்கியிருந்தது. நோரீன் அதை நகத்தால் எடுத்து, அவன் தடுப்பதற்குள் வாயில் போட்டுக்கொண்டாள்.

"நோரீன்!"

"தேங்காய்த் துருவல் பாஸ். லாமிங்டன் கேக் மேல தூவறது. ரோஜா நூல் கட்டற கேக் கடை இந்த ஊர்லயே ஒண்ணுதான். பால்மெயின்ல மிஸஸ் காஸ்டெல்லோ."

"அபாரமான மூளை உனக்கு."

"மூளை இல்ல பாஸ், தீனி."

*

மிஸஸ் காஸ்டெல்லோ ஒரு தட்டு லாமிங்டனை நோரீன் முன்னால் வைத்துவிட்டு, கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள்.

"மாடியில இருக்கறது இங்கிலாந்துக்காரி. மிஸ் ஹாலம்னு பேரு. தங்கமான மனுஷி, ஆனா கொஞ்சம் மண்டு. வடக்குப் பக்க அறை நல்லா வெயில் வரும், அதை எடுத்துக்கோன்னு நான் சொன்னேன். வேணாம்னுட்டா. பின்பக்கம் தெற்கு பார்த்த அறைதான் வேணுமாம். அங்க இருந்து வர்றவங்க எல்லாருக்கும் இந்தக் குழப்பம்தான். தெற்குன்னா வெயில்னு நினைச்சுக்கறாங்க. இப்ப ஜூலைக் குளிர்ல கோட்டைப் போட்டுக்கிட்டு டைப் அடிக்கிறா. என் பையன்தான் வண்டியில போறப்போ பார்சலைக் கொண்டுபோய் வைப்பான்."

படியேறும்போது ப்ளைத் நடுவழியில் நின்று ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். வடக்கு அறை தெருவைப் பார்த்திருந்தது. தெற்கு அறையிலிருந்து பார்த்தால் ஒரு செங்கல் சுவர்தான் தெரியும்.

"அந்த அம்மா ஒண்ணும் மண்டு இல்ல" என்றான் மெல்ல.

நோரீன் அவனைத் தாண்டி இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

டைப்ரைட்டர் சத்தம் அவர்கள் தட்டியதும் நின்றது. நெடுநேரம் கழித்துத்தான் கதவு ஒரு விரற்கடை திறந்தது.

"யாரு அனுப்பினது?" என்றாள் உள்ளே இருந்தவள்.

"வாலஸ் டன்ஸ்டன்" என்று ப்ளைத் சொன்னான், சொன்ன அந்த நொடியே எல்லாம் விளங்கிவிட்டது. அவள் முகம் வெளிறிப்போனது. கதவைப் பிடித்திருந்த இடக்கையின் சுண்டுவிரல் சரியாகக் கூடாமல் வெளிப்பக்கம் கோணியிருந்தது.

பெயர் திருடுபோனவன் ஒருவன் திருடனின் பெயரைக் கேட்காமல் முகவரியை மட்டும் கேட்டான். அதைக் காது கொடுத்துக் கேட்டும் ப்ளைத்துக்கு உறைக்கவில்லை. ‘போயிட்டா’ என்றான், இவனோ செத்துவிட்டாள் என்று நினைத்து அனுதாபம் சொன்னான். கதவில் பலகையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அதே வேலையைத்தான் காலையிலிருந்து செய்திருக்கிறான். தன்மேலேயே அவனுக்குக் காறித் துப்பவேண்டும்போல இருந்தது.

"மிஸஸ் டன்ஸ்டன், நாங்க அவர்கிட்ட இன்னும் எதுவும் சொல்லலை" என்றாள் நோரீன். ப்ளைத் அவ்வளவு தணிந்த குரலில் அவள் பேசிக் கேட்டதில்லை. "சொல்லவும் மாட்டோம். என் இடது காது மேல சத்தியம். அதுவும் உங்க விரல் மாதிரிதான் போச்சு."

மிஸ் ஹாலம் என்ற ஹெஸ்டர் டன்ஸ்டன் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

அறை ஐஸ் பெட்டிக்குள் இருப்பதுபோல் குளிர்ந்தது. அவள் டீ போட்டாள். கோப்பைகளை நிரப்பிக்கொண்டே சொன்னாள்.

"முதல் அஞ்சு புத்தகம் அவரோடதுதான். அவர் நடந்துகிட்டே சொல்லுவார், நான் டைப் அடிப்பேன். ஆறாவதுல பாதிக் கதையில தூங்கிட்டார். காலையில பதிப்பகத்துல கேட்டாங்க. நானே முடிச்சுக் கொடுத்துட்டேன். அச்சாகி வந்ததும் படிச்சார். என்னைக் கூப்பிட்டு, 'எவ்வளவு நல்லா எழுதியிருக்கேன் பாத்தியா?'ன்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன். அப்புறம் வருஷக்கணக்கா ஆமான்னு சொன்னேன். அவர் குடிச்சுட்டு ஏதோ சொல்லுவார், நான் வேறே எதையோ அடிப்பேன். ஒரு நாள் போதை இல்லாம உட்கார்ந்து ஒரு புத்தகத்தை முழுசாப் படிச்சார். இதுல ஒரு வரிகூடத் தன்னோடது இல்லன்னு அன்னைக்குத்தான் அவருக்கு நிஜமா உறைச்சுது. நான் டைப்ரைட்டர் மேல கை வெச்சிருந்தேன். அதோட மூடியை என் விரல் மேல ஓங்கி அடிச்சார்."

"போலீஸ்?"

"போனேன். புருஷன் பொண்டாட்டி சண்டைன்னு டீ கொடுத்து அனுப்பிட்டாங்க."

நோரீன் தன் முதல் நாவலையும் புது நாவலையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "உங்களை இந்த வெயில்தான் காட்டிக்கொடுத்துச்சு."

ஹெஸ்டர் முதல்முறையாகச் சிரித்தாள். "யார்க்‌ஷயர்ல வளர்ந்த கை. அங்க வர்ற கொஞ்ச வெயிலும் தெற்குலதான் வரும்." சிரிப்பு நின்றது. அவள் டைப்ரைட்டருக்குப் பக்கத்திலிருந்த தாள்கட்டைத் தொட்டாள். "இதுல மட்டும்தான் யோசிச்சு யோசிச்சு வடக்கே போட்டிருக்கேன். இது சிகாகோ இல்ல. இதே பால்மெயின். இதே கேக் கடை. ஓக்லிகிட்ட நேர்ல போய், முகத்தைக் காட்டி, என் பேர்ல போடுங்கன்னு கேக்கறதா இருந்தேன்."

மேல்தாளில் தலைப்புக்குக் கீழே ஹெஸ்டர் ஹாலம் என்று அடித்திருந்தது. ப்ளைத் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தான். சொல்லாமல் இருக்கமுடியாது என்று தெரிந்ததும் சொல்லிவிட்டான்.

"நாங்க முடியலைன்னு கைவிரிச்சா அவர் எங்க ஆபீசுக்கு எதிர் மாடியில இருக்கற துப்பறிவாளன்கிட்ட போவார். அந்த ஆளுக்கு பலகை எதுவும் கிடையாது. அவரைத் தேடவே விடாம நிறுத்தணும். அதுக்கு ஒரு வழி இருக்கு. ஆனா அதுக்கு உங்க பேரு எந்தப் புத்தகத்துலயும் வரக்கூடாது."

"எத்தனை நாளைக்கு?"

"அவர் உயிரோட இருக்கற வரைக்கும்."

ஹெஸ்டர் கோணல் விரலைத் தடவிக்கொண்டாள். பிறகு அந்த மேல்தாளை எடுத்து, கசக்காமல், கிழிக்காமல், அழகாக நான்காக மடித்து, அணையப்போகும் கணப்பில் போட்டாள். "அறை கொஞ்சமாவது சூடாகட்டும்" என்றாள்.

நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே தின்ற லாமிங்டனில் காரம் அதிகம் என்றாள்.

*

மறுநாள் டன்ஸ்டன் முன்பே வந்து காத்திருந்தான். சவரம் செய்திருந்தான். கோட்டில் ஒரு பூ.

"கிடைச்சுதா முகவரி?"

"அதைவிட நல்ல சேதி சார்" என்றான் ப்ளைத். "திருடனே இல்ல. நீங்க கொடுத்த பழைய கையெழுத்துப் பிரதிகள் பதிப்பகத்து அலமாரியில நிறைய தங்கிப்போச்சாம். அதைத்தான் ஒவ்வொண்ணா போடறாங்க. எடிட்டரே சொன்னாரு. எல்லாம் நீங்க எழுதினதுதான்."

ஓக்லி அப்படிச் சொல்வதற்கு முந்தின மாலையே ஒத்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன, ஒரு சோப்புக்கட்டிக்கு இரண்டு உரிமையாளர்கள் வருவதைவிட ஒருவரும் வராமலிருப்பது லாபம்.

டன்ஸ்டனின் முகம் இறுகியது. "அப்படி இருக்க முடியாது."

"ஏன் சார்?"

"ஏன்னா..."

நோரீன் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டாள். "சொல்லுங்க சார், எழுதிக்கறேன். ‘இந்தப் புத்தகங்களை நான் எழுதலை’ன்னு ஒரு வரி. கீழே ஒரு கையெழுத்து. அது போதும், இப்பவே மறுபடி தேட ஆரம்பிச்சுடறோம். ஆனா அப்புறம் பழசையெல்லாம் எழுதினது யாருன்னும் கேள்வி வரும். நடை ஒண்ணுதானே? நீங்கதானே சொன்னீங்க?"

டன்ஸ்டன் அவளைப் பார்த்த பார்வையில் கொலை இருந்தது. முஷ்டி ஒருமுறை மூடித் திறந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே ப்ளைத் மேஜையைச் சுற்றி முன்னால் வந்து நின்றான். அவன் தன் வேலையில் அப்படி ஆசையோடு ஒரு அடிக்காகக் காத்திருந்தது கிடையாது.

அடி விழவில்லை. டன்ஸ்டன் தோளைத் தளர்த்தினான். சட்டைக் காலரை நீவிக்கொண்டான். அவன் எதைத் தேர்ந்தெடுத்தான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. மனைவி கிடைக்காவிட்டால் போகிறாள், ரிக் லோமாக்ஸ் போய்விடக்கூடாது.

"ஞாபகம் வருது" என்றான். "ஆமா. நிறைய கொடுத்து வெச்சிருந்தேன்."

"அதானே!" என்றாள் நோரீன்.

அவன் பார்வை அவள் மேஜைமேல் கிடந்த நாற்பதாம் பக்கத்துப் பிணத்தின்மேல் விழுந்தது. "என் வாசகியா நீங்க? கொடுங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

நோரீன் ப்ளைத்தைப் பார்த்தாள். பிறகு ஹெஸ்டர் எழுதிய புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் அந்த முதல் பக்கம் முழுக்க நிறையும்படி, வளைவும் சுழிப்புமாக ரிக் லோமாக்ஸ் என்று எழுதினான். நோரீன் நன்றி சொன்னாள்.

அவன் போனதும் ப்ளைத் கேட்டான். "ஏதாவது சொல்லேன் நோரீன். உன் வாய் சும்மா இருந்து நான் பாத்ததில்ல."

"ஒண்ணும் வரலை பாஸ்" என்றாள் அவள்.

அன்று முதல் டன்ஸ்டன் எந்த மதுக்கடையில் நின்றாலும் ஒவ்வொரு புது ரிக் லோமாக்ஸையும் தானே எழுதியதாகச் சொல்லித் திரிந்தான். கேட்டவர்கள் பியர் வாங்கிக் கொடுத்தார்கள். பால்மெயின் பக்கம் அவன் போகவே இல்லை.

நவம்பரில் ரயில் நிலையக் கடையில் ஒரு புது லோமாக்ஸ் வந்தது. நோரீன் அதை டிராமில் ஏறியதும் பிரித்து, இறங்கும் இடத்தையும் தவறவிட்டு, அலுவலகத்துக்கு நடந்தே வந்து சேர்ந்தாள்.

"அவங்க புத்தகம் பாஸ். அந்தக் கேக் கடை. பால்மெயினை பாஸ்டன்னு மாத்தியிருக்காங்க. காஸ்டெல்லோவை ஒரு இத்தாலிக்காரன் ஆக்கிட்டாங்க."

"அது எதிர்பார்த்ததுதானே."

"இதைப் பாருங்க." அவள் ஒரு வரியைக் காட்டினாள். ஹெஸ்டர் யோசித்து யோசித்து, ஒவ்வொரு தடவையும் கையைத் திருத்தி, வடக்கே வைத்த வெயில். ஓக்லி பழக்கதோஷத்தில் அத்தனையையும் தெற்கே தள்ளியிருந்தார்.